தாயின் தேட்டமும் ஏட்டின் மௌனமும்

மார்ட்டின் சிக்ஸ்மித் எனும் ஆங்கிலச் செய்தியாளர் 2009-ல் வெளியிட்ட நூலுக்குப் ‘பிலோமினா லீயின் தொலைந்த குழந்தை’ எனப் பொருள்படும் தலைப்பு. 2013-ல் ஸ்டீபன் ஃபிரியர்ஸ் அதனைத் திரைப்படமாக்க, ஜூடி டென்ச் தாயாக நடித்தார். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பது நம் நோக்கம்.

நடந்த செய்தி இது. அயர்லாந்தில் மணமாகாமல் கருவுற்ற பிலோமினா, ராஸ்க்ரே ஊரிலுள்ள ஷான் ராஸ் கன்னியர் மடத்தில் 1952-ல் ஓர் ஆண்மகவைப் பெற்றார். அந்தோணி எனப் பெயரிட்டார். மடத்துச் சலவைச் சாலையில் உழைத்துக்கொண்டே மூன்றாண்டு பிள்ளையின் முகம் பார்த்து வாழ்ந்தார். இனி அவனைக் காணவோ உரிமை கோரவோ முயலேன் என்னும் சத்தியப் பத்திரத்தில் அவருடைய ஒப்பம் பெறப்பட்டது. 1955 இறுதியில் பிள்ளை அமெரிக்கா சென்று மைக்கேல் ஹெஸ் ஆனான். வளர்ந்து, குடியரசுக் கட்சித் தேசியக் குழுவின் தலைமைச் சட்ட ஆலோசகரானான். அன்னையைத் தேடி மகன் அம்மடத்திற்கு வந்தான். மகனைத் தேடி அன்னையும் அங்கேயே சென்றார். இருவரும் வெறுங்கையுடன் திருப்பப்பட்டனர். 1995-ல் எய்ட்ஸ் நோயால் இறந்த மகன், தன் விருப்பப்படி அம்மடத்து மண்ணிலேயே அடக்கமானான்.

நூலின் குறை யாது? தலைப்பில் தாயை வைத்த ஆசிரியர், ஏடுகளில் பெரும்பகுதியை மகனின் அமெரிக்க வாழ்வுக்கே ஈந்துவிட்டார். அதிலும், எவரும் குறித்து வைத்திராத தனியுரையாடல்களை அருகிருந்து கேட்டார்போல் எழுதிச் செல்கிறார். ஹதீஸ் கலை பயின்றோர் ‘இதனை யாரிடம் கேட்டீர்?’ என்று முதலில் வினவுவர். அறிவிப்பாளர் தொடர் அறுந்த இடத்தை வாசகருக்குச் சொல்லிவிடுவதே வரலாறு எழுதுவோனின் நேர்மை.

திரைப்படம் தாயை அவருக்குரிய இடத்தில் மீண்டும் அமர்த்துகிறது. அது அதன் சிறப்பு. எனினும், செய்தியாளருடன் அவர் அமெரிக்கா சென்றதாகக் காட்டுவது கற்பனை. இறுதியில் முதிய கன்னிகை ஒருவரை நேர்கொண்டு மன்னிப்பதும் அவ்வாறே. அக்கன்னிகை 1995-லேயே காலமாகிவிட்டார். காட்சி நெஞ்சை உருக்குகிறது, மெய்தான். ஆனால் நம் சினமெல்லாம் அந்த ஒரு முகத்தின்மீதே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு இவ்வாறு அனுப்பப்பட்டனர். அவர்களுக்குக் கடவுச்சீட்டு வழங்கிய அரசும், மகளை வீட்டில் ஏற்காத குடும்பங்களும் திரைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

மூஸா (அலை) அவர்களின் அன்னையும் பிள்ளையை ஆற்றில் விட்டவர்தாம். ஆயினும் பேழை செல்லும் வழியைக் காண மகளை அனுப்பினார். தடம் அழியவில்லை, பிள்ளை தாய்மடிக்கே மீண்டது. முஹம்மதின் மகன் என அழைக்கப்பட்ட ஜைது (ரலி), அஹ்ஸாப் அத்தியாயத்தின் கட்டளைக்குப் பின் ஹாரிஸாவின் மகன் என்றே மீண்டும் வழங்கப்பட்டார். அதனால் அவர்மீதிருந்த அன்பு குறைந்ததா? இல்லையே! பிறர் பிள்ளையை வளர்ப்பது பெரும் நன்மை. அவனுடைய நஸபை மறைப்பது அவனுக்குரிய அமானிதத்தைப் பறிப்பதாகும்.

தத்துக் கொடுக்கப்பட்டோர் தம் பிறப்புச் சான்றையும் பிறப்புச் செய்திகளையும் பெறும் உரிமையை 2022-ல் அயர்லாந்து சட்டமாக்கியது. மைக்கேல் இறந்து அப்போது இருபத்தேழு ஆண்டுகள். மடத்து ஏடு அவன் அன்னைக்குச் சொல்லாததை, அவன் பிறந்த நாளும் பிறந்த இடமும் தாங்கிய கல்லறைக் கல்லே சொல்லிற்று. பிள்ளையை எடுத்து வளர்க்கும் பெற்றோர் இந்நூலைப் படிக்கட்டும். படித்தபின், தம் பிள்ளை கேட்கு முன்னரே உண்மையைச் சொல்லட்டும்.