பாறை அறுபடுகிறதா?

சுரங்கப் பாதை குடையும் எந்திரத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தை எழுதிவிடுகிறார்கள்: 'பாறையைவிடக் கடினமான பற்கள் பாறையை அறுத்துத் தள்ளுகின்றன.' படிக்க எளிது, மனத்திலும் பதிந்துவிடும். ஆனால் இதில் 'கடினமான' என்பதும் தவறு, 'அறுத்து' என்பதும் தவறு. பல ஆண்டுகள் நானும் வகுப்பில் இதையேதான் சொல்லி வந்தேன் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கல்லுடைக்கும் தொழிலாளியின் மகனான ஒரு மாணவன், "உளி மழுங்கின பிறகும் கல் உடையுதே, சார்?" என்று கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன்.

கடினத்தன்மையைப் பார்ப்போம். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் மணிகளின் கடினம், விக்கர்ஸ் அளவையில் 1000க்கு மேல். எந்திரத்தின் வெட்டுத் தட்டைச் சுற்றியுள்ள எஃகு வளையத்திற்கோ அந்த எண் ஏறத்தாழ 700தான். ஆகவே கருவி, தான் உடைக்கும் மணிகளைவிட மென்மையானது! வளையங்கள் தேய்ந்துபோய் அடிக்கடி மாற்றப்படுவது இதனால்தான். கடினமானதே வெல்லும் என்றால் இந்த எந்திரம் ஓரடிகூட நகராது.

அடுத்து 'அறுத்து'. வெட்டுத் தட்டு ரம்பம் அன்று. அது சுமார் 43 செ.மீ. விட்டமுள்ள சக்கரம், அதன் ஓரம் விரல் அகலத்துக்குத் தட்டையானது. சுமார் 25 டன் எடைக்குச் சமமான விசையால் பாறைமீது அழுத்தப்பட்டு உருண்டு செல்கிறது, அவ்வளவே. 1956இல் கனடாவின் டொரான்டோ நகரில் ஹம்பர் ஆற்றுக் கழிவுநீர்ச் சுரங்கத்தைக் குடைந்தபோது, ஜேம்ஸ் ராபின்ஸ் என்ற பொறியாளரின் எந்திரத்தில் சுரண்டும் பற்களும் உருளும் தட்டுகளும் சேர்ந்தே இருந்தன. பற்கள் ஓயாமல் உடைந்தன. அவற்றைக் கழற்றிவிட்டுத் தட்டுகளை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். வேலை நன்றாகவே நடந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். தட்டுக்கு நேர்கீழே பாறை நசுங்கி மாவாகிறது. அந்த மாவு எங்கும் ஓட இடமின்றி, சுற்றியுள்ள பாறையை ஆப்புப்போல் பக்கவாட்டில் தள்ளுகிறது. அப்போது பாறையில் இழுதகைவு தோன்றுகிறது. பாறைக்கு ஆகாதது அதுதான். 200 மெகாபாஸ்கல் அமுக்கத்தைத் தாங்கும் கிரானைட், இழுத்தால் 10 மெகாபாஸ்கல் அளவிலேயே பிளந்துவிடும். கிளம்பிய விரிசல், பக்கத்துத் தடத்திலிருந்து வரும் விரிசலோடு சேர்ந்ததும், இடைப்பட்ட பாறை சில்லாகத் தெறிக்கிறது. தடங்களை மிக நெருக்கினால் பாறை வீணே மாவாகும். மிக விலக்கினால் விரிசல்கள் சந்திக்காமல் நடுவே வரப்பு நின்றுவிடும்.

மாவானால் என்ன நட்டம்? 1 கன மீட்டர் பாறையை 1 செ.மீ. கனசதுரங்களாக உடைத்தால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர், 1 மி.மீ. கனசதுரங்களாக உடைத்தால் 6000. புதிய பரப்பு முழுவதற்கும் ஆற்றல் செலவிட்டாக வேண்டும் அல்லவா?

இந்த ஆற்றல் கணக்கை விரிசலுக்குப் பொருத்திக் காட்டியவர் ஏ. ஏ. கிரிஃபித். விரிசல் நீளும்போது விடுபடும் மீட்சி ஆற்றல், புதிய பரப்புக்கு வேண்டிய ஆற்றலை ஈடுசெய்தால் விரிசல் ஓடத் தொடங்கும் என்று 1921இல் கண்ணாடியை வைத்து விளக்கினார். பொருள்களின் வலிமையைப் பற்றி இத்தனை தெளிவான ஆய்வுரையை நான் அதிகம் படித்ததில்லை. நான் பாடம் நடத்திய நூல்களிலோ எஃகுக் கம்பியை இழுத்து அறுக்கும் வரைபடத்துக்குப் பக்கங்கள் உண்டு. கிரிஃபித்துக்கு ஒரு வரியும் இல்லை. கம்பி நீண்டு, மெலிந்து, பிறகே அறும். கல் அப்படிச் செய்யாது. கம்பியைப் படித்தவன் கல்லைப் புரிந்துகொள்வது எப்படி?

அதற்காகக் கிரிஃபித்தையும் கண்ணை மூடி ஏற்பதற்கில்லை. 1924இல் அவர் தம் கொள்கையை அமுக்கத்துக்கும் விரித்தார். அமுக்க வலிமை, இழுவலிமையைப் போல் 8 மடங்கு என்று விடை வந்தது. மேலே சொன்ன கிரானைட்டிலோ அது 20 மடங்கு! அழுத்தும்போது விரிசலின் இரு முகங்களும் ஒன்றையொன்று தொட்டு உராய்கின்றன. அவரோ விரிசல் திறந்தே இருப்பதாக வைத்துக் கணக்கிட்டார். 1962இல் மக்ளின்டாக், வால்ஷ் ஆகிய இருவரும் உராய்வைச் சேர்த்துத் திருத்தினர். இன்னொன்று: அமுக்கத்தில் விரிசல் நீளத் தொடங்கியதுமே பாறை முறிந்துவிடாது. விரிசல் வளைந்து, அமுக்கும் திசைக்கு இணையாகச் சற்று ஓடி நின்றுவிடும். பல விரிசல்கள் கைகோத்தால்தான் முறிவு.

இதைக் காண எந்திரம் தேவையில்லை. புதிய சாக்பீஸ் ஒன்றை இரு கைகளாலும் பிடித்து, துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். முறிந்த முகம் தட்டையாக இராது. அச்சுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து திருகுபோல் சுற்றியிருக்கும். முறுக்கும்போது மிகுதியான இழுதகைவு அந்த முகத்துக்குச் செங்குத்தாகவே செயல்படுகிறது. அந்த மாணவனுக்கும் இதைத்தான் காட்டினேன். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், "கல்லு எந்தப் பக்கம் சுலபமாப் பிளக்கும்னு அப்பா பார்த்தே சொல்லிடுவாரு சார், அது எப்படி?" என்றான். கிரானைட்டிலுள்ள நுண்விரிசல்கள் பெரும்பாலும் ஒரு திசையை ஒட்டியே அமைந்திருக்கும். அந்தத் திசையில்தான் கல் எளிதாகப் பிளக்கிறது. கிரிஃபித்தின் பெயரைக் கேட்டிராத அவன் தந்தை நாள்தோறும் தேடுவது அந்தத் திசையைத்தான்.