கனவு அறிந்த குற்றம்

கனவுக் காட்சியைப் பூட்டாகவும் குறியீட்டைத் திறவுகோலாகவும் கொள்ளும் விமரிசனமுறை, மர்மத் தொலைக்காட்சித் தொடர்களைப் பொறுத்தவரை போதாதென்பது எமது கருத்து. டேவிட் லின்ச், மார்க் ஃபுரொஸ்ற் ஆகியோர் படைத்து 1990 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ருவின் பீக்ஸ்’ இதற்குத் தக்க சான்றாகும்.

லோரா என்னும் பள்ளி மாணவி கொலையுண்கிறாள். புலனாய்வாளன் கூப்பரின் கனவில், செந்திரை சூழ்ந்த அறையொன்றில், அவள் சாயல் கொண்ட பெண் கொலையாளி யாரென அவன் காதிற் கூறுகிறாள். பொழுது விடிந்ததும் அவன் அதனை மறந்துவிடுகிறான். செந்திரை எதைக் குறிக்கின்றது, அங்கே ஆடும் குள்ளன் யார் என்னும் வினாக்களிலும் பார்க்க இம்மறதியே எமக்கு முக்கியமாகப் படுகின்றது. கொன்றவன் அவளது தந்தை. ஊர் மதிக்கும் வழக்கறிஞன். கண்ணியமான குடும்பத்தினுள் நிகழும் வன்முறையைக் காண ஊர் விரும்பவில்லை. கனவு அறிந்ததை நனவு மறுக்கின்றது.

சிலப்பதிகாரத்துக் கனாத்திறம் உரைத்த காதையை இங்கு நினைவுகூரலாம். பெருநகரொன்றிற் கோவலன்மீது பழி சுமத்தப்படுவதையும், தான் அரசன்முன் வழக்குரைப்பதையும், அரசனுக்கும் நகருக்கும் கேடு விளைவதையும் கண்ணகி கனவிற் காண்கிறாள். தேவந்தியோ அதனைக் கணவனின் பிரிவாகச் சுருக்கி, முற்பிறப்பு நோன்பின் தவற்றைக் காரணங்காட்டி, நீராடிக் காமவேளைத் தொழுமாறு கூறுகிறாள். அரசநீதி பற்றிய கனவு வீட்டுத் துன்பமாகிவிடுகின்றது. விளக்கமே மூடிமறைப்பாக அமையுமிடம் இது. (கண்ணகி அவ்வாலோசனையை ஏற்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.)

கண்டித் தலதா மாளிகைக்கு அணித்தே பத்தினி தேவாலயம் இருக்க, எசல பெரஹராவில் அவளது ஊர்வலமும் செல்ல, இக்கதை நமக்கு வெறும் ஏட்டுக்கதையன்று. பேராதனையிற் பயின்றவரும் பத்தினி வழிபாட்டை 1984இல் வெளிவந்த பெருநூலில் ஆராய்ந்தவருமான கணநாத் ஒபயசேகர, கதிர்காமத்துப் பெண்துறவியரின் சடாமுடி தனிமனித வேதனையையும் பண்பாட்டுப் பொருளையும் ஒருங்கே தாங்குவதை 1981இலேயே விளக்கினார். கனவையும் அவ்வாறே இருமுகமாக நோக்குதல் வேண்டும்.

அவ்வாறு நோக்குமிடத்து ‘ருவின் பீக்ஸ்’ தடுமாறுமிடம் புலனாகும். தந்தையின் குற்றம் வெளிப்பட்டதும், அது அவனுட் புகுந்த பொப் என்னும் ஆவியின் செயலாக்கப்படுகின்றது. இளங்கோவும் ஊழ்வினையைப் பேசுபவரே. ஆயினும், பாண்டியன் தன் தவற்றை ஏற்று உயிர்நீத்த பின்னரே மதுராபதித் தெய்வம் பழம்பிறப்புக் கதையைக் கூறுகின்றது, பொறுப்பு ஏற்கப்பட்டாயிற்று. தொடரிலோ விளக்கம் பொறுப்பை முந்திக்கொள்கின்றது. ஆவியை நம்புவது எளிதா, தந்தை இதைச் செய்தான் என நம்புவது எளிதா எனப் பாத்திரங்களே காட்டில் நின்று விவாதிக்கும் காட்சி, படைப்பாளருக்கும் இவ்வையம் இருந்ததைக் காட்டுகின்றது.

1992இல் லின்ச் இயக்கிய திரைப்படம் லோராவின் இறுதி நாட்களை அவள் பார்வையில் நின்று சொல்கின்றது. அங்கே பொப்பின் முகம் தந்தையின் முகமாவதை அவள் விழித்த கண்ணாலேயே காண்கிறாள்.