எண்பது பெரிதா, நாற்பது பெரிதா?

இராஜபாளையத்தில் மில் வேலை பார்ப்பவரிடம் நாற்பதாம் நம்பர் நூலையும் எண்பதாம் நம்பர் நூலையும் நீட்டி எது சன்னம் என்று கேட்டால், யோசிக்காமல் எண்பதைத் தொடுவார். ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டம் எத்தனை தேறுகிறதோ, அதுதான் நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். அவர் வீட்டுப் பிள்ளையிடம் 1/4, 1/8 இரண்டில் எது பெரிது என்று கேட்டுப் பாருங்கள். எட்டு நான்கைவிடப் பெரிது, ஆகவே 1/8 என்று சொல்லக்கூடும். பின்னத்துக்குப் புதிய பிள்ளைகள் உலகெங்கும் இடறும் இடம் இது.

இந்த இடறலைச் சரிசெய்ய வேண்டிய இடம் தொடக்கப் பள்ளி. அங்கே தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது. மறு ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளைக்குத் தெரிந்ததைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது இதன் பெரிய பலம். புரியாத பிள்ளையைக் கடைசி பெஞ்சில் விட்டுவிட்டுப் பாடம் ஓடுவதில்லை. காகித மடிப்பும் அட்டையும் பாட்டும் கணக்குப் பயத்தைக் குறைக்கின்றன. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவரே பல வகுப்புகளையும் மூன்று நிலைகளையும் கட்டி மேய்ப்பது பெரும்பாடு.

குறை வேறிடத்திலும் இருக்கிறது. வட்டத்தை எட்டாக வெட்டி ஒரு துண்டுக்கு வண்ணம் தீட்டும் பிள்ளை, மேலே ஒன்று, கீழே எட்டு என இரண்டு முழு எண்களை எண்ணி எழுதுகிறது. 1/8 என்பதே ஓர் எண், அதற்கும் எண்கோட்டில் ஓர் இடம் உண்டு என்பது அதில் பிடிபடாது. அந்த ஒற்றை வட்டத்துக்குள் 5/4 எங்கே அடங்கும்? எண்கள் ஓர் ஒழுங்கில் தொடரும் எண் அமைப்புகளோ தனிப் பாடமாக, கோடிட்ட இடம் நிரப்புவதோடு நின்றுவிடுகின்றன.

நம் திண்ணைப் பள்ளி எண்சுவடியில் பின்னமும் எண் அமைப்பும் ஒன்றாகவே இருந்தன. அரை, கால், அரைக்கால், வீசம்: ஒவ்வொரு படியும் முந்தியதில் பாதி. காலில் பாதி அரைக்கால் என்று பெயரே கணக்கைச் சொல்கிறது. 1/20 ஆகிய மாவைப் பாதி பாதியாக்கினால் அரைமா, காணி, அரைக்காணி, கடைசியில் முந்திரி, அதாவது 1/320. பின்னமும் அமைப்பும் ஒரே மூச்சில்! அதற்காக அந்தப் பள்ளியைக் கொண்டாட முடியாது. பிரம்படியும் மனப்பாடமும்தான் அதன் வழி. பல சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் அதன் கதவு திறக்கவில்லை. கிராமும் மீட்டரும் வந்த பிறகு முழுச் சுவடியும் தேவையில்லை. பாதி பாதியாக இறங்கும் அந்தப் படிக்கட்டு மட்டும் போதும்.

அமைப்புக்கும் வெளியூர் போக வேண்டாம். மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் வாசல்களில் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளி வைத்துக் கோலம் போடலாம். ஏறும் புள்ளிகள் 16, இறங்கும் புள்ளிகள் 9. இரண்டும் வர்க்க எண்கள். ஏன் அப்படி என்று பிள்ளையையே கேட்க வேண்டும், அதுதான் பாடம்.

ஆசிரியர்களே, பின்னப் பாடம் தொடங்கும் நாளில் வண்ணப் பென்சிலோடு 40, 80ஆம் நம்பர் நூல் இரண்டையும் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும்; ஒரு சிட்டத்தின் எடை 1/40 பவுண்டு, 1/80 பவுண்டு என்று எழுதுவது அதற்குப் பிறகு.