எல்லாச் செய்தியிலும் இருக்கும் சொல்

மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். நான் எழுதியவைதான். ஆனால் விருதுநகர் மாவட்டச் செய்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு ஏற்கெனவே படித்தது மாதிரி இருக்கும்.

ஒன்று: பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்ததில் நான்கு பேர் உயிரிழந்தனர்.

இரண்டு: பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்ததில் எட்டு பேர் உயிரிழந்தனர்.

மூன்று: வெடிமருந்து உராய்ந்து தீப்பற்றியதால் ஆலைத் தொழிலாளர்கள் நால்வர் இறந்தனர்.

ஒன்றும் மூன்றும் ஒரே விபத்தைச் சொல்கின்றன. இரண்டாவது வேறொரு விபத்து, வேறொரு ஊர்.

இதில் எது எதோடு ஒத்துப்போகிறது என்று கணினியிடம் கேட்டால் என்ன சொல்லும்? ரொம்ப எளிய அளவுகோல் ஜக்கார்டுடையது. பால் ஜக்கார்டு ஸ்விட்சர்லாந்துத் தாவரவியலாளர். ஆல்ப்ஸ் மலையில் இரண்டு இடங்களின் செடிவகைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்க்க 1901 வாக்கில் அவர் போட்ட கணக்கு இது. இரண்டு இடத்திலும் இருப்பவற்றை, மொத்தமாக இருப்பவற்றால் வகுக்க வேண்டும். செடிக்குப் பதில் சொல், அவ்வளவுதான். முதல் இரண்டு வாக்கியங்களுக்கும் பொதுச்சொல் 9, மொத்தச்சொல் 11. விடை 0.82. முதலுக்கும் மூன்றாவதுக்கும் பொதுச்சொல் ஒன்றுகூட இல்லை. விடை பூஜ்யம்.

ஆக, வேறு வேறு சாவுகள் 82 சதவீதம் ஒன்று. ஒரே சாவு, சம்பந்தமே இல்லாத இரண்டு.

எழுத்தெழுத்தாகப் பார்த்தால் சரியாகுமா என்றால் அதுவும் இல்லை. சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் 1965-இல் முன்வைத்த முறையில், ஒரு சரத்தை இன்னொன்றாக மாற்ற எத்தனை திருத்தம் தேவை என்று எண்ணுவோம். யூனிகோடில் ‘நான்கு’ என்பது ஆறு குறிகள், ‘எட்டு’ ஐந்து. ஒன்றை மற்றதாக்க நான்கு திருத்தம் போதும். கூடுதலாக நான்கு பேர் செத்ததற்கு நான்கு திருத்தம். தற்செயல்தான், ஆனாலும் உறுத்துகிறது.

தமிழுக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் அதிகம். ‘ஆலையில்’, ‘ஆலையின்’, ‘ஆலைக்கு’ மூன்றும் இயந்திரத்துக்கு மூன்று சொற்கள். விகுதியை வெட்டி வேர்ச்சொல்லை எடுத்தால் இது ஓரளவு தீரும். ஆனால் சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் யாரும் ‘பட்டாசு ஆலை’ என்று பேசுவதே இல்லையே. அங்கே அது ‘வெடி ஆபீஸ்’. “அக்கா வெடி ஆபீஸுக்குப் போயிருக்கா” என்பதுதான் பேச்சு. எந்த விகுதியை வெட்டினாலும் ஆலையும் ஆபீஸும் ஒன்றாகப்போவதில்லை.

இன்றைய மொழி மாதிரிகள் சொல்லை விட்டுவிட்டுப் பொருளை எண்வரிசையாக மாற்றி ஒப்பிடுகின்றன. ஆபீஸையும் ஆலையையும் அவை பக்கத்தில் வைக்கக்கூடும். ஆனால் எண்களிலும் எதிர்மறையிலும் அவை தடுமாறும் என்பது அவற்றோடு வேலை செய்பவர்களுக்குத் தெரியும். ‘உரிமம் இருந்தது’, ‘உரிமம் இல்லை’ இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். விசாரணையே அந்த வித்தியாசத்தில்தான் தொடங்குகிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இவையல்ல, இன்னும் பழைய ஒரு கணக்கு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் ஒரு யோசனை சொன்னார்: பல ஆவணங்களில் வரும் சொல்லுக்கு மதிப்பைக் குறை, அரிதாக வரும் சொல்லுக்குக் கூட்டு. தேடுபொறிகள் பல பத்தாண்டுகள் இதன் மேல் நின்றன. மொத்த ஆவணங்களை, அந்தச் சொல் வரும் ஆவணங்களால் வகுத்து மடக்கை எடுக்க வேண்டும். ‘ஒரு’, ‘என்று’ போன்றவற்றை ஒதுக்க அருமையான வழி.

இதைப் பட்டாசு விபத்துச் செய்திகளின் தொகுப்பில் போட்டுப் பாருங்கள். பத்துச் செய்தி, பத்திலும் ‘உராய்வு’. பத்தைப் பத்தால் வகுத்தால் ஒன்று. ஒன்றின் மடக்கை பூஜ்யம். எல்லா விபத்திலும் சொல்லப்படும் காரணம், எல்லா விபத்திலும் சொல்லப்படுவதாலேயே மதிப்பில்லாமல் போகிறது.

இயந்திரத்தை மட்டும் குறைசொல்ல என்னால் முடியவில்லை. நாமும் இந்தச் செய்திகளை அப்படித்தான் வாசிக்கிறோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, 38 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம், 20-க்கும் மேல். 2024 மே 9, செங்கமலப்பட்டி, குறைந்தது 8 பேர். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி, குறைந்தது 9 பேர். ஊரையும் எண்ணையும் பார்க்கிறோம், அவைதான் புதுசு. உராய்வு என்ற இடத்தில் கண் நிற்பதில்லை, அது ஏற்கெனவே தெரிந்ததுதானே.

அந்தச் சொல்லில் நின்று பார்த்தால் இலக்கணமே ஒரு செய்தி சொல்கிறது. உராய்வு ‘ஏற்பட்டு’. வாக்கியத்தில் உராய்த்தவர் இல்லை, உராயும்படி வைத்தவரும் இல்லை. மழை பெய்வது போல உராய்வு ஏற்படுகிறது. அறைக்கு நான்கு பேர்தான் இருக்கலாம் என்ற இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? உரிமம் யார் பெயரில், உள்குத்தகை யாரிடம்? தீபாவளி ஆர்டருக்கு என்ன வேகம், எண்ணிக்கைக்கு என்ன கூலி? இவையெல்லாம் சேர்ந்துதான் உராய்வு. உராய்வைக் காரணம் என்று எழுதுவது, தூக்குப்போட்டவர் மூச்சு நின்று இறந்தார் என்று எழுதுவது மாதிரி. பொய்யில்லை. ஆனால் எதையும் சொல்லவில்லை.

நிருபர் பழைய செய்தியில் ஊரையும் எண்ணையும் மாற்றிப் போட்டுவிடுகிறார், சோம்பல், என்று ஒரு விமர்சனம் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. சாயங்காலத்துக்குள் செய்தி போயாக வேண்டிய ஆளுக்கு வார்ப்பு ஒரு கருவி. அதோடு, வாக்கியங்கள் ஒத்திருப்பதற்கு முதல் காரணம் சம்பவங்கள் ஒத்திருப்பது. காப்பி அடித்ததைக் கண்டுபிடிக்கும் நிரலை இங்கே ஓட்டினால், செங்கமலப்பட்டி அச்சங்குளத்தைக் காப்பி அடித்ததாகத்தான் அது சொல்ல வேண்டும்.

என் குறை வேறு. ஒவ்வொரு செய்தியும் தன்னைத் தனி ஆவணமாக நினைத்துக்கொள்கிறது. அச்சங்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக எடுத்து விசாரித்தது, குழு அமைத்தது. அந்தக் குழு சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற வரி அடுத்த விபத்தின் செய்தியில் இருக்க வேண்டும் இல்லையா? முன்பு நடந்தவற்றின் பட்டியலைக் கடைசிப் பத்தியில் சேர்ப்பார்கள். அதில் ஊரும் எண்ணும் மட்டும் இருக்கும். வழக்கு என்ன ஆனது, உரிமம் என்ன ஆனது என்று இருக்காது. திரும்பத் திரும்ப வருவதுதான் இங்கே செய்தி என்றால், அதை எழுதும் இடம் செய்தியின் முதல் பத்தி.

பைத்தானில் இந்தக் கணக்குக்குப் பலரும் பயன்படுத்தும் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் ஒரு சின்ன விஷயம் உண்டு. மடக்கை எடுத்த பிறகு அது ஒன்றைக் கூட்டிவிடும். எல்லா ஆவணத்திலும் வரும் சொல் அடியோடு பூஜ்யமாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஒன்று. நிரல் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.