எதைத் தூக்கப் போகிறீர்கள்?

ஹார்டுவேர் கடையில் போய் "ஒரு டன் செயின் பிளாக் கொடுங்க" என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்துவிடுவார்கள். எதைத் தூக்கப் போகிறீர்கள் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஒரு டன் கிரானைட், ஒரு டன் கம்பிக்கட்டு, ஒரு டன் லேத் மூன்றும் தராசுக்கு ஒன்றுதான். பிடித்துத் தூக்குகிறவனுக்கு மூன்றும் மூன்று ரகம்.

அம்பத்தூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட், கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் யார்டு. இரண்டு இடங்களிலும் புழங்குகிற தூக்கும் சாமான்களை மாட்டி, இழுத்து, ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹூக்குக்கு மேலே இருக்கும் மெஷினுக்குப் பணத்தைக் கொட்டுகிறோம். ஹூக்குக்குக் கீழே மாட்டும் பெல்ட்டுக்கும் கிளாம்புக்கும் கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிறோம். நான் பார்த்தவரை சரக்கு நழுவுவதெல்லாம் ஹூக்குக்குக் கீழேதான்.

முதலில் எடை. குத்துமதிப்பு சொல்வதில் நம்மவர்கள் கெட்டி, ஆனால் கணக்கு அதைவிடச் சுலபம். எம்.எஸ். பிளேட்டின் தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து 7.85ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 10 மி.மீ. தடிமனில் 6.3 மீட்டருக்கு 1.5 மீட்டர் பிளேட் ஒன்று சுமார் 742 கிலோ. கம்பி என்றால் மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அந்த விட்டத்தாலேயே பெருக்கி 162ஆல் வகுக்க வேண்டும், 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. 20 மி.மீ. கிரானைட் பலகை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 கிலோ. அதனால் 2.8க்கு 1.8 மீட்டர் முழுப் பலகை 270 கிலோவைத் தொட்டுவிடும்.

கையால் இழுக்கும் செயின் பிளாக்கை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கரண்ட் வேண்டாம், பழுது குறைவு, ஒரு நூல் அளவுக்குக்கூட ஏற்றி இறக்கலாம். மெஷினை அடித்தளத்து போல்ட்டுகளின் மேல் உட்கார வைக்கும்போது அந்த நிதானம் எந்த மோட்டாரிலும் கிடைக்காது. ஏற்றும்போது உள்ளே பல்சக்கரத்தின் மேல் தடுப்பு நாக்கு விழுந்து விழுந்து 'கடக் கடக்' என்று சத்தம் வரும். இறக்கும்போது அந்தச் சத்தம் இருக்காது. பிரேக் தகடு மெல்ல விட்டுக்கொடுக்க, சுமை இறங்கும். ஏற்றும்போதே சத்தம் வராத பிளாக் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சத்தம் சரியாக இருந்தாலும் சுமையை ஒரு சாண் தூக்கிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். அது அசையாமல் நிற்க வேண்டும். பிளாக்கின் மேல் ஐ.எஸ். 3832 என்ற குறியும் டன் அளவும் பொறித்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை என்னவென்றால் உடம்பு வலி. 30 கிலோ விசையில் இழுத்து ஒரு டன்னை ஒரு மீட்டர் தூக்கக் குறைந்தது 33 மீட்டர் கைச்சங்கிலி இழுத்தாக வேண்டும். உராய்வைச் சேர்த்தால் இன்னும் நீளும். வாரத்துக்கு இரண்டு முறை தூக்குகிற ஷெட்டுக்கு இது பரவாயில்லை. காலை முதல் மாலை வரை பலகை ஏற்றி இறக்கும் யார்டில், மூன்றாம் நாள் ஆள் வேலைக்கு வர மாட்டார்.

அங்கேதான் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் குட்டி எலெக்ட்ரிக் ஹாய்ஸ்ட் ஆசை காட்டுகிறது. பெட்டியில் கொட்டை எழுத்தில் '400 கிலோ' என்று இருக்கும். கயிறு ஒற்றையாக நேரே தொங்கினால் அதன் சக்தி 200 கிலோதான். கூட வரும் கப்பி ஹூக்கை மாட்டிக் கயிற்றை இரட்டையாக்கினால்தான் 400. அப்போது வேகமும் பாதி, உயரமும் பாதி. நம் 270 கிலோ பலகையை ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு விஷயம் பெயர்த்தகட்டின் மூலையில் ஒளிந்திருக்கும்: 'எஸ்3 20% 10 நிமிடம்'. பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்தான் மோட்டார் ஓடலாம், மீதி நேரம் ஆற வேண்டும் என்று அர்த்தம். வீட்டு மாடிக்கு செங்கல் ஏற்ற இது போதும். லாரி லாரியாகச் சரக்கு வரும் யார்டுக்கு ஆகாது. அங்கே செயினில் ஓடும் எலெக்ட்ரிக் ஹாய்ஸ்ட் வாங்குங்கள். விலை பல மடங்குதான், ஆனால் நாள் முழுக்க உழைக்கவென்றே செய்தது அது.

எந்த ஹாய்ஸ்ட் வாங்கினாலும் அதை ஷெட்டின் கூரை டிரஸ்ஸில் மாட்டாதீர்கள். அந்த டிரஸ் தகட்டுக் கூரையையும் காற்றையும் தாங்கப் போட்டது. தனியாக ஏ-ஃபிரேம் கேன்ட்ரியோ, தூணில் ஜிப் கிரேனோ வேண்டும்.

இனி ஹூக்குக்குக் கீழே. பெல்ட்டில் நிறத்தைப் பார்த்தே டன் சொல்லிவிடலாம்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. இது பெல்ட்டை நேரே தொங்கவிட்டால் உள்ள கணக்கு. சுருக்குப் போட்டால் அதில் 80% என்று வையுங்கள். இரண்டு பெல்ட்டை விரித்து மாட்டினால் கோணம் புகுந்துகொள்ளும். 1.6 டன் லேத்தை இரண்டு ஊதா பெல்ட்டில் தூக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பாதி 800 கிலோ, சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். பெல்ட் தரைமட்டத்தோடு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொன்றிலும் 924 கிலோ, தப்பித்தோம். கூரை தாழ்வு என்று பெல்ட்டைக் குட்டையாக்கி 45 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 1,131 கிலோ. 30 டிகிரிக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு பெல்ட்டும் முழு 1.6 டன்னையும் சுமக்கும். லேத்தும் அதேதான், பெல்ட்டும் அதேதான். சாய்வு மட்டும்தான் மாறியது.

லேத் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எடை முழுக்க ஹெட்ஸ்டாக் பக்கம் இருக்கும். டெயில்ஸ்டாக்கையும் சேடிலையும் எதிர்முனைக்குத் தள்ளி இறுக்கிவிட்டுத் தூக்கினால் சமமாக எழும்பும். பெல்ட் பெட்டின் அடியில்தான் போக வேண்டும். லீட் ஸ்க்ரூவில் உரசினால் மெஷின் ஊர் போய்ச் சேர்ந்தாலும் மரை வெட்டும்போது சண்டித்தனம் பண்ணும்.

கம்பிக்கட்டுக்கு பெல்ட்டே வேண்டாம். டி.எம்.டி. கம்பியின் வரிகள் அதை அரம்போல் ராவிவிடும். கிரேடு 80 செயின் ஸ்லிங்கோ வயர் ரோப்போதான் சரி. கட்டை இரண்டு இடத்தில் இரட்டைச் சுற்றுச் சுற்றிச் சுருக்குப் போட்டால் நடுக்கம்பிகள் உருவிக்கொண்டு வராது. செயின் வாங்கும்போது கண்ணியில் '8' அல்லது '80' என்று பொறித்திருக்க வேண்டும். வெறும் இரும்புச் சங்கிலி கேட்டுக்குப் பூட்டுப் போட உதவும், தூக்க உதவாது. ஈர சிமென்ட் படும் பிளாக் தொழிற்சாலைகளுக்கும் ஒரு வார்த்தை: பாலியஸ்டர் பெல்ட் அமிலத்தைத் தாங்கும், காரத்தைத் தாங்காது. சிமென்ட் காரம்.

எம்.எஸ். பிளேட்டுக்கு பிளேட் கிளாம்பா, மேக்னெட் லிஃப்டரா என்பது ஷெட்டுகளில் தீராத வழக்கு. இரண்டையும் வைத்துப் பார்த்ததில், செங்குத்தாக நிறுத்தித் தூக்க கிளாம்ப், படுக்கையாகத் தூக்க மேக்னெட் என்பது என் தீர்ப்பு. கிளாம்பின் பல் பிளேட்டில் கடித்த தடம் விடும். ஒரே கிளாம்பில் இரண்டு பிளேட்டைச் சேர்த்துக் கடிக்க விடுவது வம்பை விலைக்கு வாங்குவது. நடுவில் இருக்கும் வழுவழுப்பில் ஒன்று நழுவிவிடும். 2 டன் கிளாம்பில் 100 கிலோ பிளேட்டை மாட்டுவதும் தப்பு. சுமை போதாவிட்டால் பல் இறுகாது. குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று கிளாம்பிலோ அதன் கையேட்டிலோ இருக்கும்.

மேக்னெட் லிஃப்டர் ஒரு சுகமான சாமான். லீவரைத் திருப்பினால் பிடிக்கும், திருப்பிவிட்டால் விடும், கரண்டும் வேண்டாம். ஆனால் அதன் மேல் எழுதியிருக்கும் கிலோ, தடித்த, தட்டையான, சுத்தமான இரும்புக்கு. உருண்டைக் கம்பிக்கு அதில் பாதி என்று வையுங்கள். பெயின்ட், துரு, வெல்டிங் தெறிப்பு எல்லாம் காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இடைவெளி போட்டு இழுவையைச் சட்டென்று குறைத்துவிடும். அகலமான மெல்லிய பிளேட் இன்னும் மோசம். ஓரங்கள் தொங்க ஆரம்பித்ததும் காந்தத்தின் விளிம்பிலிருந்து பிளேட் உரிந்துகொண்டு வரும். கைக்கே தெரியும் அடையாளம் ஒன்று உண்டு: அடியில் இரும்பு சரியாக ஒட்டாதபோது லீவர் வழக்கத்தைவிடக் கனமாகத் திரும்பும். அப்படித் திரும்பினால் தூக்காமல் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காந்தம் சீண்டவே சீண்டாது என்பதை ஸ்டீல் ஷெட்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கிரானைட்டுக்குக் கத்தரி கிளாம்ப். உள்பக்கம் ரப்பர் ஒட்டிய இரண்டு தாடைகள்; பலகையின் எடையே தாடையை இறுக்கும். கனம் கூடக் கூடப் பிடி கூடும் என்பது இதன் அழகு. எதிரி, பாலிஷ் போட்டதும் பலகையில் ஒட்டியிருக்கும் குழம்பு. மேல் ஓரத்தை ஈரம் போகத் துடைத்து, கிளாம்பைப் பலகையின் நடுவில் ஆழமாக இறக்கி, நாலு விரல் உயரம் தூக்கி நிறுத்திப் பார்த்த பிறகுதான் நகர்த்த வேண்டும். ரப்பரில் கல்துகள் பதிந்து பளபளவென்று ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

வேக்கம் லிஃப்டர் யார்டின் ராஜா, கையாள வேலைக்காரனும் வேண்டும். 300 மி.மீ. விட்டமுள்ள ஒரு கப், 60% வெற்றிடத்தில் ஏட்டளவில் 420 கிலோவுக்குமேல் பிடிக்கும். பாதுகாப்புக்காக அதில் பாதிக்கு மேல் நம்பக் கூடாது. பலகையைச் செங்குத்தாகத் திருப்பினால் அதைவிடக் குறைவு. பாலிஷ் போட்ட முகத்தில் அட்டைபோல ஒட்டும். நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய பலகையில் காற்று கசியும். வாங்கும் முன் விற்பவரை ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள்: பலகையை மரக்கட்டைகளுக்கு ஒரு சாண் மேலே நிறுத்திவிட்டு ஸ்விட்சை அணைக்க வேண்டும். ஐந்து நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா, கரண்ட் போனதும் மணி அடிக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் மின்வெட்டுக்கு இந்தச் சோதனை இல்லாமல் காசைக் கொடுப்பது துணிச்சல்.

சின்ன ஷெட் சொந்தமாக ஹைட்ரா வாங்க நினைத்தால் வேண்டாம் என்பேன், வாடகைக்குக் கூப்பிடுங்கள். '14 டன் ஹைட்ரா' என்பதில் 14 டன், பூமை முழுக்க உள்ளிழுத்து வண்டிக்கு ஒட்டினாற்போல் தூக்கினால் மட்டுமே. பூம் நீள நீள அந்த எண் கரைந்துகொண்டே போகும். டிரைவரிடம் லோடு சார்ட்டைக் கேளுங்கள். அவர் சிரித்தால் வேறு வண்டி பாருங்கள்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவே, கிரேனோடு சேர்த்துச் சங்கிலி, கயிறு, ஸ்லிங் எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ள ஆளை வைத்துச் சோதிக்கச் சொன்னது. கிரேனுக்குச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். பெல்ட் மூலையில் கிரீஸ் டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது.

புதுசு கட்டுப்படியாகாமல் பாரிமுனைப் பக்கம் பழைய சாமான் தேடுபவர்கள் ஹூக்கின் வாய் விரிந்திருக்கிறதா, பூட்டு நாக்கு இருக்கிறதா, செயின் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட்டை மட்டும் பழசில் வாங்காதீர்கள். டேக் கிழிந்த பெல்ட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால், லாரியில் தார்ப்பாய் கட்ட வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம்.