கேத்தியின் கோபம்

1966 நவம்பர் 16 இரவு பிபிசி ஒளிபரப்பிய 'கேத்தி கம் ஹோம்' நாடகத்தைச் சுமார் 1.2 கோடிப் பேர் பார்த்தார்கள். பிரிட்டன் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். எழுதியவர் ஜெரமி சாண்ட்ஃபோர்ட். இயக்கிய கென் லோச்சுக்கு அப்போது வயது முப்பது. வீடற்றவர்களுக்கான 'ஷெல்டர்' அமைப்பே இதனால்தான் பிறந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். அது சரியல்ல. அவ்வமைப்பு இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 1 அன்று தொடங்கப்பட்டது உண்மை. ஆனால் அதற்கான வேலை முன்பே நடந்துகொண்டிருந்தது. படத்தின் பெருமைக்கு இந்தக் கடன் வாங்கிய புகழ் தேவையுமில்லை.

கேத்தியும் ரெஜும் இளம் தம்பதி. விபத்தில் ரெஜின் வேலை போகிறது. மாமியாரின் நெருக்கடியான வீடு, வாடகை வீடு, கேரவன் என்று இறங்கி இறங்கி, கணவன் உடன் தங்க அனுமதி இல்லாத அரசு விடுதியில் கேத்தியும் குழந்தைகளும் வந்து நிற்கிறார்கள். இரக்கத்தைச் சம்பாதிக்க ஏழையை உத்தமராக்கிக் காட்டுவது நாடகக்காரர்களின் பழைய வழக்கம். தொடக்கத்தில் லோச்சும் அப்படித்தான் செய்கிறார். கேத்தியாக நடிக்கும் கேரல் வைட்டின் அழகும் கள்ளமற்ற சிரிப்பும் நம்மை உடனே அவள் பக்கம் சாய்த்துவிடுகின்றன. ஆனால் விடுதியில் அவள் மாறுகிறாள். ஊழியர்களிடம் கத்துகிறாள், ஏசுகிறாள். ரெஜோ மெல்ல மெல்ல விலகிப்போகிறான். பொறுமையும் நன்னடத்தையும் தீர்ந்துபோன பிறகும் அவளுக்கு வீடு வேண்டும் என்பதில் படம் தளரவில்லை. லோச்சின் மனிதநேயம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

காட்சிகளின் மேல் ஒலிக்கும் புள்ளிவிவரங்களையும் அக்கம்பக்கத்தார் குரல்களையும் காட்டி, நாடகத்தையும் ஆவணப்படத்தையும் கலந்து பார்வையாளரை ஏமாற்றுகிறார் என்று அன்றே குறை சொன்னார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. அந்தக் குரல்களால்தான் கேத்தியின் துயரம் ஒரு தனிப் பெண்ணின் தலைவிதியாகச் சுருங்காமல் இருக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அதிகாரிகளுக்கு இங்கே முகமில்லை. விதியை ஓதும் வாய் மட்டுமே உண்டு. அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவரும் சம்பளத்துக்கு வேலை செய்யும் சாமானியர்தானே? ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல், லோச்சே இயக்கிய 'ஐ, டேனியல் பிளேக்' படத்தில் ஆன் என்ற ஊழியர் டேனியலுக்குக் கணினிப் படிவம் நிரப்ப உதவி, அதற்காக மேலாளரிடம் திட்டு வாங்குகிறார். அந்த ஒரு காட்சியால் அமைப்பின் கொடுமை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கேத்தியின் கதையில் அப்படி ஒருவரும் இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. ரயில் நிலையத்தில் கேத்தியிடமிருந்து பறிக்கப்படும் குழந்தைகள் கேரல் வைட்டின் சொந்தப் பிள்ளைகள். நடிப்பு என்னவென்று அறியாத வயதினரின் அச்சத்தைப் படமாக்குவதை, நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும், என்னால் ஏற்க முடியவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், கோபப்படும் ஏழையின் பக்கம் கடைசிவரை நின்றதற்காகவே தொலைக்காட்சி வரலாற்றில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.