சர்க்கரைக் கட்டி மிஷன்களும் ஞானஸ்நானப் பதிவேடுகளும்

கலிஃபோர்னியாவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மாநில வரலாறு படிக்கிறார்கள். அந்தப் பாடத்துக்கென்று தலைமுறை தலைமுறையாக ஒரே கைவேலைதான். 1769 முதல் 1823 வரை, சான் டியேகோவில் தொடங்கி சோனோமா வரை, ஸ்பானிய ஃபிரான்சிஸ்கன் துறவிகள் நிறுவிய 21 மிஷன்களில் (பூர்வகுடிகளை மதம் மாற்றிக் குடியமர்த்திய சமயக் குடியிருப்புகளில்) ஒன்றைச் சர்க்கரைக் கட்டியிலோ ஐஸ் குச்சியிலோ செய்துகாட்ட வேண்டும். இது அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள உதவுவதில்லை, பலரைப் புண்படுத்தவும் செய்கிறது என்று 2016இல் மாநிலக் கல்வித்துறையின் வரலாற்றுப் பாடக் கட்டமைப்பே எழுதிவிட்டது. ஆனால் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் பெற்றோரை அந்தக் கட்டமைப்பு கட்டுப்படுத்தாது. தங்கள் வீட்டைத் தனியார் பள்ளியாக அறிவித்து உறுதிமொழிப் படிவம் கொடுத்தவர்கள் பாடத்தைத் தாங்களே அமைத்துக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரம் பெரியது. தவறான பாடம் உள்ளே வந்தால் அதைத் திருத்த இரண்டாவது ஆசிரியர் ஒருவர் அங்கே இருக்கமாட்டார் என்பதும் இதே சுதந்திரத்தின் மறுபக்கம். அதனால் எந்தக் கைவேலை வரலாற்றைக் கற்றுத்தருகிறது என்ற கேள்வி பள்ளியைவிட வீட்டுக்குத்தான் அவசரமானது.

நான் வைக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: வேலை முடிந்த பிறகு, முன்பு கேட்டிருக்க முடியாத ஒரு கேள்வியைப் பிள்ளை கேட்கிறதா?

இந்த அளவுகோலில் மிஷன் மாதிரி தேறவில்லை. வெள்ளைச் சுவர், மணிக்கூண்டு, சிவப்பு ஓட்டுக்கூரை, முற்றத்தில் ஒரு நீரூற்று என்று கண்ணுக்கு அழகாக எழுந்து நிற்கும். மணமாகாத பெண்பிள்ளைகளை இரவில் பூட்டிவைத்த 'மொன்ஹெரியோ' என்ற அறை அதில் இருக்காது. ஞானஸ்நானம் பெற்றவர் அனுமதியின்றி வெளியேற முடியாது, தப்பியோடியவரைப் படைவீரர்கள் பிடித்துவந்தார்கள், கசையடி கொடுத்தார்கள் என்ற செய்தியைச் சொல்லச் சர்க்கரைக் கட்டியில் வழியில்லை. கல்லறைத் தோட்டத்தைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. பிள்ளை சிவப்பு வண்ணம் பூசும் ஓட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சான் லூயிஸ் ஒபிஸ்போ மிஷனின் புல்கூரைகள் 1776இல் பூர்வகுடிகளின் தீ அம்புகளால் எரிந்தன. அங்கே ஓட்டுக்கூரைக்கு மாறியது அதற்குப் பிறகுதான். எதிர்ப்பின் தடயம் கூரையிலேயே இருக்கிறது. மாதிரி அதை வெறும் நிறமாக்கிவிடுகிறது. இன்னொரு குறையும் உண்டு. லா பூரிசிமா மிஷனில் இன்று நாம் பார்க்கும் கட்டடங்கள் பெரும்பாலும் 1930களில் அரசின் வேலைத்திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் திரும்பக் கட்டியவை. அதைப் பார்த்துச் செய்யும் பிள்ளை மிஷன் காலத்தை நகலெடுக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டு அந்தக் காலத்தை எப்படிக் கற்பனை செய்ததோ அதை நகலெடுக்கிறது. எஸ்ஸலென் பூர்வகுடி வழிவந்த எழுத்தாளர் டெபோரா மிராண்டா 2013இல் வெளியிட்ட 'பேட் இண்டியன்ஸ்' நூலில் இந்தக் கைவேலையை நேராகவே கேள்விக்குட்படுத்துகிறார். தன் முன்னோர் அடைபட்டுக் கிடந்த இடத்தை விளையாட்டுப் பொருளாக்குவதைப் பார்க்கும் வலி எப்படிப்பட்டது என்பதை அவர் எழுத்தில் படித்தறியலாம்.

கட்டுவதில் ஆர்வமுள்ள பிள்ளையை என்ன செய்வது என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கட்டட்டும். ஆனால் ஒரே ஒரு செங்கல். களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து, மரச்சட்டத்தில் அடித்து, வாரக்கணக்கில் வெயிலில் காயவைத்து, அதைத் தூக்கிப் பார்க்கட்டும். ஒரு சுவருக்கு இப்படி எத்தனை கல் வேண்டும் என்று கணக்குப் போடட்டும். 'இதையெல்லாம் யார் சுமந்தார்கள்?' என்ற கேள்வி தானாக வரும்.

தங்கம் அரிக்கும் கைவேலை இதைவிட நேர்மையானது. 1848 ஜனவரி 24 அன்று கொலோமாவில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்ட கதையோடு, தொட்டித் தண்ணீரில் தட்டைச் சுழற்றுவார்கள். அரிசியில் கல் அரிப்பது போலத்தான்: லேசானது நீரோடு போகும், கனமானது அடியில் தங்கும். தங்கம் மணலைவிட ஏழு மடங்கு அடர்த்தி. இடுப்பு வலியும் வெறுங்கையும் உண்மையான அனுபவங்கள். ஆனால் கதை தனிமனித அதிர்ஷ்டத்தோடு நின்றுவிடுகிறது. 1850இல் வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளர்மீது மாதம் 20 டாலர் வரி விதித்தார்கள். அன்றைய அதிகாரபூர்வ விலையில் ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் தங்கம். பிள்ளை அரித்தெடுத்ததிலிருந்து 31 கிராமை எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னால் அந்தச் சட்டம் யாரை விரட்ட வந்தது என்று புரியும். அதே 1850இல்தான் பூர்வகுடிகளின் 'பாதுகாப்பு' என்ற பெயரில் அவர்களின் பிள்ளைகளை வெள்ளையர் வேலைக்கு எடுத்துக்கொள்ள ஒரு சட்டம் வழிசெய்தது. தங்க வேட்டைக்குச் சற்று முன்பு சுமார் ஒன்றரை லட்சமாக மதிப்பிடப்படும் பூர்வகுடி மக்கள்தொகை 1870 வாக்கில் சுமார் 30,000 ஆனது. 2019இல் ஆளுநர் கேவின் நியூசம் இதை இனப்படுகொலை என்றே சொல்லி மன்னிப்புக் கேட்டார். தட்டைச் சுழற்றுவதோடு பாடத்தை முடித்தால், மாநிலத்தின் தலைமையே ஒப்புக்கொண்டதை நாம் வீட்டில் மறைத்தவர்களாவோம்.

ஓக் கொட்டை மாவுக்கு என் மதிப்பீட்டில் உயர்ந்த இடம். கொட்டையைக் காயவைத்து, உடைத்து, தோலுரித்து, இடித்து, துவர்ப்பு போகும்வரை திரும்பத் திரும்ப நீர் ஊற்றி வடிக்க வேண்டும். நெருக்கிப் பின்னிய கூடைக்குள் சூடான கற்களைப் போட்டுக் கூழ் காய்ச்சினார்கள். ஒரு கிண்ணம் மாவுக்கே நாள் போய்விடும். இந்த உழைப்பை அறிந்த கை மிஷன் வரலாற்றின் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடும்: பூர்வகுடிகள் ஏன் மிஷனுக்குப் போனார்கள்? மிஷன்களின் மாட்டு மந்தைகள் அவர்கள் விதை சேகரித்த புல்வெளிகளை மேய்ந்து அழித்தன, உணவு குறைந்தது, நோயும் சேர்ந்துகொண்டது. பசியும் பலரை மிஷனை நோக்கித் தள்ளியது. ஆனால் இறகுத்தொப்பி வைத்து நடிப்பதை அடியோடு தவிர்க்க வேண்டும். ஓலோனி, சுமாஷ் மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். பாடம் அவர்களைப் பற்றி இறந்தகாலத்தில் பேசக்கூடாது.

எல்லாவற்றையும்விட மேலானது பார்வைக்குக் கைவேலை போலவே தோன்றாத ஒன்று. ஹண்டிங்டன் நூலகம் மிஷன்களின் பதிவேடுகளைத் திரட்டித் தரவுத்தளமாக்கியிருக்கிறது: ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஞானஸ்நானங்கள், சுமார் 70,000 அடக்கங்கள். ஒரு பதிவில் சூட்டிய ஸ்பானியப் பெயரோடு ஆளின் சொந்தப் பெயர், ஊர், வயது, பெற்றோர் முதலிய விவரங்கள் கிடைக்கலாம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் ஃப்ரீமாண்டிலேயே 1797இல் தொடங்கிய சான் ஹோசே மிஷன் நிற்கிறது. அது ஓலோனி மண். அந்த மிஷனின் பதிவுகளில் கொஞ்சம் எடுத்து, ஊர்களை வரைபடத்தில் குறித்து, ஆண்டுவாரியாக ஞானஸ்நானத்தையும் அடக்கத்தையும் பக்கம்பக்கமாக வரைந்தால், 1806இல் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா மிஷன்களைத் தட்டம்மை தாக்கியது பிள்ளையின் பென்சிலிலேயே தெரியும். யாரும் சொல்லித்தராமல் 'இந்த வருஷம் என்ன ஆச்சு?' என்று கேட்கும். சான் லூயிஸ் ரே மிஷனில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே ரோமுக்குப் போய், தன் பூர்வகுடி மக்களைப் பற்றித் தானே எழுதிய பாப்லோ டாக்கின் குறிப்புகளையும் சேர்த்தால் எண்களுக்கு ஒரு குரலும் கிடைக்கும்.

ஒன்பது வயதுக்கு இது பாரமில்லையா என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. தண்டனைகளின் விவரம் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிறுத்தவும் தொடரவும் தெரிந்தவர்கள் பெற்றோர்தான். முப்பது பேர் வகுப்பில் கிடைக்காத வசதி இது. ஆனால் அந்தப் பதிவேடுகளில் ஒன்பது வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைச் சந்திக்க நம் பிள்ளைக்கு வயது போதாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: மிஷன் மாதிரியைக் கைவிடலாம், நட்டமில்லை. தங்கத் தட்டை வரிக் கணக்கு இல்லாமல் எடுக்காதீர்கள். செங்கல்லையும் ஓக் மாவையும் தயங்காமல் செய்யுங்கள். ஒரே ஒரு கைவேலைக்குத்தான் நேரம் என்றால் பதிவேட்டைத் திறந்து பிள்ளை கையில் பென்சிலைக் கொடுங்கள்.